வாழைநாரில் கட்டிய கத்தரிக்காய்

அன்று ஆவாரங்குளத்துக் கரையில் கூடியிருந்தவர்கள் இவர்கள்: நிலத்துக்கு உரியவளான முயல் வேலம்மை, குளத்து மடையைத் திறந்து மூடும் பொறுப்பில் இருந்த ஆமை பொன்னுரங்கம், காய்கறி லாரிகளில் தொற்றிக்கொண்டு நகரத்துக்கும் காட்டுக்குமாகப் போய்வரும் குரங்கு சிங்காரம், நகரத்துப் பெரிய சந்தையின் கிடங்கில் பள்ளிக்கூடம் நடத்தும் தலைமையாசிரியையான பெருச்சாளி தையல்நாயகி, அவரோடு வந்த எலிப் பிள்ளைகள். பிள்ளைகளில் இருவரின் பெயர் தெரிந்தால் போதும். ஒருவன் சோலையப்பன், எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குபவன். மற்றவள் பவளம், கை தூக்காமலே பேசிவிடுபவள்.

இவர்களைத் தவிர ஒரு கூடையும் அங்கே இருந்தது. வேப்பமரத்தடியில், கயிற்றால் வாய் கட்டி வைக்கப்பட்டிருந்தது. சந்தையில் கழித்துப்போட்ட தோலும் தழையும் அழுகிய காயும் அதற்குள் இருந்தன. மற்றவர்கள் அதன் பக்கம் போகாமல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வேலம்மையின் கண் மட்டும் சுற்றிச் சுற்றி அந்தக் கூடைக்கே வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது.

முந்தைய மழைக்காலத்தில் வேலம்மையின் வரப்பு உடைந்தது. மேல்மண் முழுவதும் கரைந்து குளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது சரளை மண். அதில் விதைத்தால் முளைக்கும், முளைத்தது நிற்கும், காய்ப்பதற்குத் தெம்பு இராது. எரு வேண்டும். வேலம்மை காடெல்லாம் அலைந்து சருகும் சாணமும் பொறுக்கி எருக்குழியில் போட்டாள். குழியின் அடிகூட மறையவில்லை. இந்தப் போகத்துக்குள் எரு கிடைக்காவிட்டால், நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு மலைக்கு அப்பால் உறவினர் வளையில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். ஒண்டுவது என்ற சொல்லே வேலம்மைக்குப் பிடிக்காது.

அந்த நேரத்தில்தான் தையல்நாயகியிடமிருந்து செய்தி வந்தது. கொண்டு வந்தவன் குரங்கு சிங்காரம்.

கிடங்குப் பள்ளியில் ஒருநாள் தையல்நாயகி, "அரிசி எங்கே விளைகிறது?" என்று கேட்டாராம்.

"சாக்கில்!" என்று வகுப்பே ஒரே குரலில் சொன்னதாம்.

"சாக்குக்கு முன்னால்?"

பிள்ளைகள் வெகுநேரம் யோசித்தார்களாம். பிறகு சோலையப்பன் கை தூக்கி, "பெரிய சாக்கில், டீச்சர்!" என்றானாம்.

தையல்நாயகி அன்றைய பாடத்தை அத்தோடு நிறுத்தினார். வேலம்மைக்கு இப்படிச் சொல்லி அனுப்பினார்: "என் பிள்ளைகள் உணவு விளையும் இடத்தைக் கண்ணால் காண வேண்டும். உங்கள் நிலம் பாடம் நடத்தத் தகுந்தது என்று நான் கண்டால், சந்தைக் கழிவு முழுவதும் வாரந்தோறும் காலி லாரியில் உங்கள் எருக்குழிக்கு வந்து சேரும். முதல் கூடையை நானே கொண்டுவருகிறேன். தகுதியில்லை என்று கண்டால், அதைத் திரும்ப எடுத்துச் சென்றுவிடுவேன்."

வேலம்மைக்கு மகிழ்ச்சியில் காது இரண்டும் நிமிர்ந்தன. அடுத்த கணமே தொங்கிவிட்டன. ஏனென்றால், அந்த ஆண்டு மழை தாமதித்தது, விதைப்பும் தாமதித்தது. கத்தரி அப்போதுதான் பூவெடுத்திருந்தது. கேழ்வரகு கதிர் தள்ளவில்லை. சர்க்கரைவள்ளி, கொடியைத் தவிர வேறொன்றும் காட்டவில்லை. பறித்துக் கையில் கொடுக்க ஒரு காய் இல்லை.

"நாளைக்குப் பிள்ளைகள் வந்து நின்றால் எதைக் காட்டுவேன்?" என்றாள் வேலம்மை.

"இருப்பதைக் காட்டு" என்றார் ஆமை பொன்னுரங்கம்.

"இருப்பது பூவும் இலையும்தானே, அண்ணே!"

"பூவையும் இலையையும் காட்டு."

குரங்கு சிங்காரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பூவைப் பார்க்கவா அக்கா, அவர்கள் லாரி ஏறி வருகிறார்கள்? நகரத்துப் பூங்காவில் இல்லாத பூவா? குழந்தைகளுக்குப் பிடுங்க வேண்டும், பறிக்க வேண்டும், பை நிறைய வேண்டும்! வெறுங்கையோடு அனுப்பினால் அந்த அம்மாள் கூடையை மூடிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் நீ மலைக்கு அப்பால்தான்!"

"அதற்கு என்ன செய்யச் சொல்கிறாய்?"

"விடியற்காலை லாரியில் நகரத்திலிருந்து ஒரு மூட்டை காய் கொண்டுவருகிறேன். செடியில் கட்டுவோம், மண்ணில் புதைப்போம். வருகிறவர்களுக்கு எது எங்கே விளைகிறது என்றே தெரியாது. தெரிந்தால் ஏன் படிக்க வருகிறார்கள்?"

"அது பொய்யல்லவா?" என்றாள் வேலம்மை.

"பொய் எப்படி ஆகும்? கத்தரிச் செடியில் கத்தரிக்காய்தான் காய்க்கப்போகிறது. நாம் கொஞ்சம் முன்னதாகக் காய்க்க வைக்கிறோம். அவ்வளவுதான்!"

பொன்னுரங்கம் வேலம்மையை ஏறிட்டுப் பார்த்தார். வேலம்மை குளத்தைப் பார்த்தாள். பசியைத் தாங்கிப் பழகியவள் அவள். வெட்கத்தைத் தாங்கிப் பழகியதில்லை. ஆவாரங்குளத்துக் கத்தரி என்றால் காடே பேசிய காலம் உண்டு. அந்த நிலத்தில் வெற்றுச் செடிகளை நிறுத்தி, நகரத்துப் பிள்ளைகள் உதட்டைப் பிதுக்குவதைப் பார்க்க அவளால் ஆகாது.

"சரி. கொண்டு வா" என்றாள்.

பொன்னுரங்கம் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார்.

மறுநாள் வெளுக்கும் வேளையில் சிங்காரம் மூட்டையோடு வந்து இறங்கினான். அவிழ்த்துக் கொட்டினான். கத்தரிக்காய், கேரட், முட்டைக்கோஸ், நிலக்கடலை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் ஆப்பிள்.

"ஆப்பிளா? இந்தக் குளக்கரையிலா?"

"அது வழித்துணைக்கு" என்று சொல்லிக் கடித்துத் தின்றுவிட்டான் சிங்காரம்.

"கேரட் எதற்கு? அது மலைக்குளிரில் விளைவது. இந்த வெயிலில் அது விதையிலேயே வெந்துபோகும்!"

"பிள்ளைகளுக்குக் கேரட்தான் பிடிக்கும், அக்கா. வெயிலை யார் கேட்கப் போகிறார்கள்?"

இருவரும் வேலையில் இறங்கினார்கள். வேலம்மை வாழைநாரைக் கிழித்துக் கத்தரிக்காய்களைச் செடியில் கட்டினாள். பூவெடுத்த கிளைகள் பாரம் தாங்காமல் வளைந்தன. சில பூக்கள் உதிர்ந்தன. அவற்றைப் பார்க்காததுபோல் அடுத்த செடிக்குப் போனாள். திரும்பிப் பார்த்தால், சிங்காரம் நிலக்கடலையை ஆவாரஞ்செடியின் கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"அட அறிவு கெட்டவனே! கடலை மண்ணுக்குள் விளைவது!"

"அப்படியா! லாரி லாரியாக ஏற்றி இறக்கியிருக்கிறேன். யாரும் சொல்லவில்லையே!"

கடலையைப் புதைத்தான். அதே சுறுசுறுப்போடு முட்டைக்கோஸையும் புதைத்தான்.

"அது மேலே இருக்க வேண்டியது!"

"ஒன்றை உள்ளே என்கிறாய், ஒன்றை மேலே என்கிறாய். ஒரு முடிவுக்கு வா!" என்று சிங்காரம் முணுமுணுத்தான்.

சந்தைக் கேரட்டுக்குத் தழை இல்லை. வியாபாரி நறுக்கி எறிந்திருந்தான். சிங்காரம் ஒவ்வொரு கேரட்டின் தலையிலும் அருகம்புல்லைச் செருகி மண்ணில் ஊன்றினான். பார்ப்பதற்குப் பரட்டைத் தலையோடு பாதி புதைந்தவர்கள்போல் அவை நின்றன. வேலம்மைக்குச் சிரிப்பு வரவில்லை.

வெயில் ஏறியபோது லாரிச் சத்தம் கேட்டது. அதற்கும் முன்னால் தும்மல் சத்தம் கேட்டது. தையல்நாயகியும் பிள்ளைகளும் மிளகாய் வற்றல் ஏற்றிய லாரியில் வந்திருந்தார்கள். இறங்கும்போதே எல்லோரும் தும்மினார்கள். தையல்நாயகியின் மூக்கு முற்றிலும் அடைத்துவிட்டிருந்தது. போதாக்குறைக்கு, பெருச்சாளிகளுக்குப் பகல் வெளிச்சத்தில் கண் கூசும். அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மிடுக்குக் குறையாமல் நடந்து வந்தார்.

"வரிசை! வாலை மிதிக்காதே! மண்ணில் கால் வைக்க அருவருப்பா? அந்த மண்ணைத்தான் நீ தினமும் தின்கிறாய். வணக்கம், வேலம்மை அம்மா. நேரத்தை வீணாக்க வேண்டாம். பாடத்தைத் தொடங்கலாம்."

கூடையை வேப்பமரத்தடியில் வைக்கச் சொன்னார்.

சிங்காரம் முன்னால் வந்து நின்றான். "பிள்ளைகளே! இதோ, இயற்கையின் அற்புதம்! இந்தச் செடியில் பாருங்கள், கத்தரிக்காய்! இந்த மண்ணில் பாருங்கள், கேரட்! பறியுங்கள்! பிடுங்குங்கள்!"

பிள்ளைகள் பாய்ந்தார்கள். கேரட் ஒரே இழுப்பில் வந்தது. இன்னும் சொல்லப்போனால், தொட்டவுடன் சாய்ந்தது. "எனக்கு ஒன்று!" "இது என்னுடையது!" "டீச்சர், என் கேரட்டின் தலை தனியாக வந்துவிட்டது!" என்று கூச்சல் எழுந்தது. சோலையப்பன் தன் பையை நிரப்பிக்கொண்டு அடுத்தவன் பையையும் நிரப்பினான்.

தையல்நாயகிக்குக் காய்கள் மங்கலாகத் தெரிந்தன. பிள்ளைகளின் ஆரவாரம் நன்றாகக் கேட்டது. அவர் முகம் மலர்ந்தது. "நன்று, வேலம்மை அம்மா! மழை தாமதித்த ஆண்டில் இவ்வளவு விளைச்சலா? எங்கே, அந்தக் கூடையை எடுத்து வாருங்கள். குழி எந்தப் பக்கம்?"

இரண்டு எலிப் பிள்ளைகள் கூடையைத் தூக்கிக்கொண்டு குழியை நோக்கி நடந்தார்கள். வேலம்மை அவர்களைத் தொடர்ந்து ஓரடி வைத்தாள். இன்னும் சற்று நேரம்தான். கயிற்றை அவிழ்த்துக் கவிழ்த்துவிட்டால் நிலம் பிழைத்துவிடும்.

அப்போதுதான் பவளத்தின் குரல் கேட்டது.

"டீச்சர்! இது எங்கள் பெரியப்பாவின் பல்!"

எல்லோரும் திரும்பினார்கள். பவளம் ஒரு கத்தரிக்காயை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள். "இங்கே பாருங்கள், ஒரு பள்ளம் நீளம், ஒரு பள்ளம் குட்டை! எங்கள் பெரியப்பாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்தது. கிடங்கில் கத்தரிக்காய் வந்து இறங்கினால் ஒவ்வொரு கூடையிலும் ஒரு காயைக் கடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இல்லை என்று வைத்துவிடுவார். இது நம் சந்தைக் காய், டீச்சர்! செடியில் வாழைநாரால் கட்டியிருந்தது!"

சோலையப்பன் கை தூக்கினான். "எனக்குப் புரிந்துவிட்டது, டீச்சர்! காயெல்லாம் சந்தையில்தான் விளைகிறது. அதை வாங்கிக்கொண்டு வந்து செடியில் கட்டுவதற்குப் பெயர்தான் விவசாயம்!"

"ஓ!" என்றார்கள் மற்றப் பிள்ளைகள். அவர்களுக்கும் புரிந்துவிட்டது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரும் அதை ஏமாற்று என்று நினைக்கவில்லை. பாடம் என்றே நினைத்தார்கள்.

தையல்நாயகியின் மீசை விறைத்தது. "பவளம்! விருந்தாளியாக வந்த இடத்தில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறாயா? பெரியோர் உழைத்து விளைவித்ததைப் பார்த்துப் பொய் என்கிறாயா?"

"பொய் என்று சொல்லவில்லை, டீச்சர். பல் என்றுதான் சொன்னேன்."

"எதிர்ப்பேச்சு! போய் அந்தப் பாறை மேல் நில். நாளை முதல் என் வகுப்புக்கு வராதே!"

பவளம் பாறை மேல் ஏறி நின்றாள். வெயிலில் பாறை காய்ந்திருந்தது. ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்தாள். ஆனால் அழவில்லை. கையிலிருந்த கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"சிறுபிள்ளை பேச்சு. மன்னியுங்கள், வேலம்மை அம்மா" என்றார் தையல்நாயகி. "நீங்களே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். இந்தக் காய் உங்கள் செடியில் காய்த்ததுதானே?"

சிங்காரம் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஆமாம் என்று சொல் என்று தலையை வேகவேகமாக ஆட்டினான். குழியின் விளிம்பில் கூடை வந்து நின்றுவிட்டது. கயிற்று முடிச்சைப் பிள்ளைகள் பாதி தளர்த்திவிட்டார்கள். பொன்னுரங்கம் தலையை வெளியே நீட்டி வேலம்மையைப் பார்த்தார். அவள் எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்பவர்போல இருந்தார்.

ஆமாம் என்றால் எரு. ஒரே சொல். அந்தக் கிழவிப் பெருச்சாளிக்குக் கண்ணும் தெரியாது, மூக்கும் வேலை செய்யாது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

பாறை மேல் நின்ற பவளம் கால் மாற்றினாள்.

வேலம்மைக்கு அந்தக் குழந்தைமேல் இரக்கம் வந்தது என்று சொல்வதற்கில்லை. அவளுக்கு வந்தது ஆத்திரம். தன்மேல் வந்த ஆத்திரம். கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்ன ஒரே பிள்ளை பாறை மேல் நிற்கிறது. மற்றவர்கள் எல்லோரும், விவசாயம் என்றால் வாழைநார் என்று படித்துக்கொண்டு வீட்டுக்குப் போகப்போகிறார்கள். அவர்கள் அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்வார்கள்.

"இல்லை" என்றாள் வேலம்மை.

"என்ன இல்லை?"

"என் செடியில் காய்த்தது இல்லை. அந்தப் பிள்ளை சொல்வது மெய். நேற்றுவரை உங்கள் சந்தையில் இருந்த காய் இது. இன்று காலை நான்தான் என் கையால் கட்டினேன். கேரட் இந்த ஊரிலேயே விளையாது. அதன் தலையில் இருப்பது அருகம்புல்."

"ஆளைக் கெடுத்தாயே, அக்கா!" என்று ஒரு குரல் கேட்டது. சிங்காரம் அதற்குள் வேப்பமரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டிருந்தான்.

தையல்நாயகி குழியருகே போனார். தளர்ந்திருந்த முடிச்சைத் தடவிக் கண்டுபிடித்து, இறுக்கிக் கட்டினார். "வரிசை!" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. "பைகளைக் கொட்டுங்கள். புறப்படுவோம்."

"புறப்படுங்கள்" என்றாள் வேலம்மை. "கூடையையும் எடுத்துச் செல்லுங்கள். அதை நான் கேட்கமாட்டேன். ஆனால் பிள்ளைகள் தப்பான பாடத்தோடு இந்த நிலத்தைவிட்டுப் போகக் கூடாது. கற்றுக்கொடுத்தது நான். திருத்த வேண்டியதும் நான்தான். லாரி திரும்பி வரும்வரை நேரம் கொடுங்கள்."

தையல்நாயகி சம்மதமாகத் தலையை அசைத்தார்.

வேலம்மை கத்தரிச் செடிக்குப் போனாள். கட்டியிருந்த காய்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துக் கீழே போட்டாள். கிளைகள் நிமிர்ந்தன. இலைக்கு அடியில் ஊதாப்பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கின.

"இதுதான் என்னிடம் இருப்பது. பூ" என்றாள். "இதிலிருந்து காய் வரும்."

"எப்போது வரும்?" என்றான் சோலையப்பன்.

"அது எனக்குச் சொல்வதில்லை. நான் தினமும் வந்து பார்ப்பேன்."

"இன்றைக்கு வராதா?"

"நீ குதித்தாலும் வராது."

பிள்ளைகள் சிரித்தார்கள். அதே நேரம் கருவண்டு ஒன்று வந்து பூவைக் கட்டிப்பிடித்து உறுமியது. பூ நடுங்கியது. மஞ்சள் தூள் உதிர்ந்து வண்டின் வயிற்றில் ஒட்டியது. "பூவைக் கொல்கிறது!" என்று ஒரு பிள்ளை அலறியது.

"கொல்லவில்லை. அது வராவிட்டால் காய் இல்லை" என்றாள் வேலம்மை. "உங்கள் சந்தையில் இறங்கும் கத்தரிக்காய்களுக்குப் பின்னாலும் இப்படிச் சில உறுமல்கள் உண்டு. சாக்கில் அது கேட்காது."

பிறகு சர்க்கரைவள்ளிக் கொடியைத் தூக்கிக் காட்டினாள். அடியில் கிழங்கு இல்லை. நூல்போல வேர் மட்டும் இருந்தது. ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்கியது. எந்தப் பிதுக்கலுக்கு அஞ்சி நேற்று ஒரு மூட்டைப் பொய்யை வாங்கினாளோ, அதே பிதுக்கல். வேலம்மை அதைப் பார்த்தாள். தலை வெடித்துவிடவில்லை. அடுத்த பாத்திக்குப் போனாள்.

பொன்னுரங்கம் மடையைச் சற்றே திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் ஓடி வந்தது. பிள்ளைகள் அதன் கூடவே ஓடினார்கள். ஓடியவர்களில் பாதிப்பேர் சேற்றில் விழுந்தார்கள். "இது எந்தக் குழாயிலிருந்து வருகிறது, தாத்தா?" என்று சோலையப்பன் கேட்டான். "மேகம் என்று ஒரு குழாய்" என்றார் பொன்னுரங்கம். "அதன் திருகு மட்டும் என்னிடம் இல்லை."

பசி வேளை வந்தது. பிள்ளைகளுக்கென்று சிங்காரம் நகரத்திலிருந்து பிஸ்கட் பொட்டலங்கள் கொண்டு வந்திருந்தான். அவை அவனோடு மரத்தின் உச்சியில் இருந்தன. பிரிக்கும் சத்தம் கேட்டது. வேலம்மை தன் வளையிலிருந்து கூழ்ப்பானையை எடுத்து வந்தாள். சென்ற போகத்துக் கேழ்வரகில் மிச்சமிருந்தது அவ்வளவுதான். கரையோரம் படர்ந்திருந்த பொன்னாங்கண்ணியைப் பிள்ளைகளையே கிள்ளி வரச் சொல்லி வதக்கினாள்.

"கறுப்பாக இருக்கிறதே!" என்றான் சோலையப்பன், கூழை முகர்ந்துகொண்டு.

"மண்ணின் மகள் வேறு எந்த நிறத்தில் இருப்பாள்? குடி."

குடித்தான். இன்னொரு முறை கொட்டாங்கச்சியை நீட்டினான். "இது எந்தக் கடையில் கிடைக்கும்?"

"கடையில் இல்லை. நீ நிற்கும் இடத்தில் கிடைக்கும்."

சோலையப்பன் சட்டென்று காலைத் தூக்கித் தான் நின்ற இடத்தைப் பார்த்தான்.

தையல்நாயகி கூழைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை. அவர் பாறையின் பக்கம் திரும்பியிருந்தார். கண் கூசிற்று, ஆயினும் அந்தச் சின்ன உருவம் கால் மாற்றுவது அவருக்குத் தெரிந்தது. தவறு செய்த பிள்ளைகளை அவர் எத்தனையோ முறை நிற்க வைத்திருக்கிறார். தவறு செய்யாத பிள்ளையை நிற்க வைத்தால் எப்படி இறக்குவது என்பது அவருக்குத் தெரியவில்லை.

"பவளம்! இறங்கி வா!" என்றார், அதட்டும் குரலில். அந்த ஒரு குரல்தான் அவரிடம் இருந்தது.

பவளம் இறங்கி வந்தாள். டீச்சர் தன் கூழை அவள் கையில் கொடுத்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு நேராகக் கத்தரிச் செடிக்குப் போனாள். மல்லாந்து படுத்துப் பூவைக் கீழிருந்து பார்த்தாள்.

"முயலம்மா, இந்தப் பூ காயாக வேண்டுமானால் என்ன வேண்டும்?"

"தண்ணீர் வேண்டும். வண்டு வேண்டும். எரு வேண்டும்."

"தண்ணீரைப் பார்த்தோம். வண்டைப் பார்த்தோம். எரு எங்கே?"

வேலம்மை அவளைக் குழிக்கு அழைத்துப் போனாள். அடி மறையாத குழி. சருகைக் கிளறினாள். மண்புழு ஒன்று நெளிந்தது.

"எரு என்றால், நீங்கள் வேண்டாம் என்று கழிப்பது. தோல், தழை, அழுகிய காய். இந்தப் புழு அதைத் தின்று மண்ணாக்கும். அந்த மண்ணில் செடி பூக்கும். பூ காயாகும். காய் உன் கிடங்குக்கு வரும். உன் பெரியப்பா கடித்துப் பார்த்துவிட்டு, நன்றாக இல்லை என்பார்."

பவளம் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் சிரிப்பு நின்றது. அவள் திரும்பிக் கூடையைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் பார்த்தார்கள். வேலம்மை மட்டும் இந்த முறை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

நேரம் முடிந்தது. தூரத்தில் லாரி ஒலி எழுப்பியது.

தையல்நாயகி எழுந்தார். மண்ணைத் தட்டிக்கொண்டார். பிள்ளைகள் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். அவர் குழியருகே போய்க் கூடையின் கயிற்றைப் பற்றித் தானே தூக்கினார். சாலையை நோக்கி நடந்தார். பொன்னுரங்கம் பெருமூச்சு விட்டார். வேலம்மை கைகளைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். வாங்க உரிமை இல்லாததை இழந்தோம் என்று அழுவது அவள் வழக்கமல்ல.

சற்றுத் தூரம் போன தையல்நாயகி நின்றார். திரும்பி வந்தார். கூடையைக் குழியின் விளிம்பில் வைத்தார். பவளத்தின் கையைப் பிடித்து, கயிற்றின் நுனியை அந்தக் கைக்குள் வைத்து, விரல்களை மூடினார். பவளம் முடிச்சை அவிழ்த்தாள். தோலும் தழையும் அழுகிய காயும் சரிந்து குழிக்குள் விழுந்தன. அவற்றின் மேல், பெரியப்பாவின் பல் பதிந்த கத்தரிக்காயையும் அவள் போட்டாள்.

அது விழும் ஓசை கேட்டபோது தையல்நாயகி சாலைக்குப் பாதி வழியில் இருந்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து, யாரையும் திரும்பிப் பாராமல் அவர் நடந்து போய்விட்டார்.

கற்பிப்பவர் தம்மிடம் உள்ளதை, அது வெறும் பூவே ஆனாலும், உள்ளபடி காட்ட வேண்டும். இரவல் வாங்கிய காயைக் காட்டினால், கற்க வந்த பிள்ளை பொய்யைத்தான் பாடமாகக் கொண்டு போகும்.